கெர்: கூடாரம் என்று எழுதலாமா?

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் ஒரு சில பேர் மட்டும் சேர்ந்து நடத்தும் சிறு பயண நிறுவனங்கள் பல உண்டு. அவர்களின் பயணத் திட்டத்தைப் படித்தால், ஒவ்வொரு நாளின் முடிவிலும் பெரும்பாலும் ஒரே வரிதான் வரும்: இரவு கெரில் தங்கல். மங்கோலிய மேய்ச்சல் குடும்பங்கள் வாழும், பிரித்துக் கட்டக்கூடிய வட்டமான வீடுதான் அது. தமிழில் எழுதுகிறவர்கள் இந்தக் கெரைக் 'கூடாரம்' என்கிறார்கள். இல்லையென்றால் 'யர்ட்' என்கிறார்கள். இரண்டுமே எனக்கு உறுத்துகின்றன. அந்த நிறுவனத்து ஆட்கள் எதை நமக்குக் காட்ட விரும்புகிறார்களோ, அது இந்த இரண்டு சொல்லிலும் விழாமல் போகிறது.

மங்கோலிய மொழியில் கெர் என்றால் வீடு. அவ்வளவுதான். வட்டமாக, வெள்ளையாக, புல்வெளியில் நிற்பதற்கு மட்டுமான பெயர் அல்ல. உலான்பாத்தரில் ஒன்பதாவது மாடியில் குடியிருப்பவரும் வேலை முடிந்து கிளம்பும்போது 'கெர்தே' போகிறேன் என்றுதான் சொல்வார். 'என் வீட்டுக்கு' என்று பொருள்.

இந்தச் சொல்லிலிருந்து கிளைத்தவற்றைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 'கெர் புல்' என்றால் குடும்பம். 'கெர்லெஹ்' என்றால் திருமணம் செய்துகொள்வது, அதாவது வீடு கொள்வது. 'கெர்கி' என்பது மனைவியை மரியாதையாகச் சொல்லும் சொல். தமிழருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மனையிலிருந்து மனைவி வந்தாள், இல்லிலிருந்து இல்லாளும் இல்லறமும் வந்தன. 'எங்க வீட்டுல கேட்டுச் சொல்றேன்' என்று ஒருவர் சொன்னால் அவர் சுவரிடம் கேட்கப் போவதில்லை என்று நமக்குத் தெரியும். இரண்டு மொழிக்கும் உறவு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. வீட்டை ஆட்களாகப் பார்க்கும் பழக்கம் இரண்டு இடத்திலும் இருக்கிறது, அதுதான் விஷயம்.

சரி, 'யர்ட்' எங்கிருந்து வந்தது? அது துருக்கிய மொழிக் குடும்பத்துச் சொல். 'யுர்த்' என்றால் குடியிருக்கும் இடம், சொந்த மண். இன்றைய துருக்கியில் அதற்குத் தாயகம் என்று பொருள். மாணவர் விடுதிக்கும் அதே பெயர். கசாக் மொழியில் 'ஜுர்த்' என்றால் மக்கள். ரஷ்யர்கள் அந்தச் சொல்லை 'யுர்த்தா' என்று எடுத்து வீட்டுக்குப் பெயராக வைத்தார்கள், அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. மண்ணின் பெயர் இப்படி வீட்டின் பெயராகிவிட்டது. கசாக்கியர்களே அந்த வீட்டை 'கீஸ் உய்', கம்பளி வீடு, என்கிறார்கள். கிர்கிஸ் மக்களுக்கு அது 'போஸ் உய்', சாம்பல் நிற வீடு. ஆக, யர்ட் என்பது அதில் வாழ்கிறவர்கள் வைத்த பெயர் அல்ல. மங்கோலியரின் வீட்டுக்கு அந்தப் பெயர் இன்னும் ஒரு படி தள்ளிப் போகிறது.

கட்டுமானத்தைப் பார்த்தாலும் கூடாரம் என்ற சொல் பொருந்தாது. கூடாரம் துணியாலும் கயிற்றாலும் நிற்பது. கெருக்கு மரச்சட்டம் உண்டு. மடக்கி விரிக்கக்கூடிய பின்னல் சுவருக்கு 'ஹனா' என்று பெயர், கூரைக் கழிகளுக்கு 'உனி'. உச்சியில் சக்கரம் போன்ற வளையம் 'தோனோ'. அதைத் தாங்கும் இரண்டு தூண்கள் 'பகனா'. எத்தனை ஹனா என்பதை வைத்துத்தான் வீட்டின் அளவைச் சொல்வார்கள். ஐந்து ஹனா கெர் சாதாரணக் குடும்பத்துக்குப் போதும். மேலே போர்த்துவது 'எஸ்கி'. இது நெய்த துணி அல்ல. ஆட்டு ரோமத்தைக் கோலால் அடித்துப் பரப்பி, நீர் தெளித்து, உருளையில் சுற்றி, குதிரையோ ஒட்டகமோ இழுக்க உருட்டி உருட்டி இறுகச் செய்த கம்பளி. மரக்கதவு தெற்குப் பார்த்திருக்கும். உள்ளே அடுப்பு, கட்டில், பெட்டி எல்லாவற்றுக்கும் இடம் வகுத்திருக்கிறது. கதவுக்கு நேர் எதிரே வடக்குப் பக்கம் 'ஹொய்மோர்', மதிப்புக்குரிய இடம். வாசற்படியை மிதிக்கக் கூடாது, இரண்டு தூணுக்கு நடுவே புகுந்து போகக் கூடாது. இவ்வளவு ஒழுங்குள்ள ஒன்றைப் பிரித்துக் கட்டிவிட முடியும் என்பதாலேயே கூடாரம் என்பது நியாயமில்லை. கெர் செய்யும் கைத்திறனையும் அதைச் சார்ந்த வழக்கங்களையும் யுனெஸ்கோ 2013இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

தோனோவை மூடித் திறக்கும் ஒரு கம்பளித் துண்டு உண்டு. அதற்கு 'ஒர்ஹ்' என்று பெயர். மங்கோலிய அரசு மக்கள்தொகைக் கணக்கெடுக்கும்போது 'இத்தனை குடும்பங்கள்' என்பதற்கும் ஒர்ஹ் என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. கூரையில் ஒரு திறப்பு மூடி என்றால் ஒரு குடும்பம். எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடித்துவிட்டது.

இனி அந்த நிறுவனத்து ஆட்களிடம் வருவோம். 1990இல் ஒரு கட்சி ஆட்சி முடியும் வரை மங்கோலியாவில் சுற்றுலா அரசின் கையில் இருந்தது. அரசு நிறுவனத்தின் பெயரே 'ஜூல்சின்', பயணி என்று பொருள். அதன் பிறகுதான் தனியார் வந்தார்கள். சிறு நிறுவனம் ஒன்றில் வழக்கமாக ஒரு வழிகாட்டி, ஓர் ஓட்டுநர், நீண்ட பயணம் என்றால் ஒரு சமையல்காரர் இருப்பார்கள். ஓட்டுநருக்கு அங்கே 'ஜோலோச்'. ஜோலோ என்றால் குதிரையின் கடிவாளம். கடிவாளம் பிடிப்பவர் இன்று ரஷ்ய வேன் ஓட்டுகிறார், பெயர் மட்டும் மாறவில்லை. வழிகாட்டிக்கு 'ஹொதொச்', கைபிடித்து அழைத்துப் போகிறவர். இவர்களுக்கு அடுத்து, திட்டத்தில் பெயரே வராத இன்னொரு தரப்பு இருக்கிறது: 'ஐல்'.

ஐல் என்றால் ஒரு குடும்பம், அந்தக் குடும்பத்தின் கெர் நிற்கும் இடமும் சேர்த்து. சில ஐல்கள் ஒன்றாக இறங்கி மந்தைகளைச் சேர்த்து மேய்த்தால் அது 'ஹொத் ஐல்'. மேய்ச்சல் குடும்பம் ஆண்டில் பல முறை இடம் மாறும். அதனால் அவர்களுக்குக் கதவு எண் கிடையாது. போன மாதம் ஆற்றங்கரையில் இருந்தவர்கள் இப்போது மலைக்குப் பின்னால் போயிருக்கலாம். ஓட்டுநர் அடுத்த ஐலில் வண்டியை நிறுத்தி விசாரித்துத்தான் கண்டுபிடிப்பார். சமூகத்தை மனதில் வைத்து நடத்தும் நிறுவனத்தின் உண்மையான மூலதனம் ஐல்களோடு உள்ள இந்த அறிமுகம்தான். கெரின் கதவைத் தட்டும் வழக்கம் இல்லை. தூரத்திலேயே நின்று 'நொஹொய் ஹோர்!' என்று குரல் கொடுப்பார்கள். நாயைப் பிடியுங்கள் என்று பொருள். உள்ளே போனதும் உப்பிட்ட பால் தேநீரும் ஆருல் என்னும் காய்ந்த தயிர்க்கட்டியும் வரும்.

இங்கேதான் சொல் பணத்தைத் தொடுகிறது. சுற்றுலாவுக்காகவே வரிசையாகக் கெர்களை நிறுத்தி, உணவுக்கூடமும் குளியலறையும் கட்டி வைத்த முகாம்கள் உண்டு. அங்கே தங்கினால் பணம் முகாம் முதலாளிக்குப் போகும். ஐலில் தங்கினால் மந்தை வைத்திருக்கும் குடும்பத்துக்குப் போகும். 'ஜுட்' என்று ஒரு கொடுமை அங்கே உண்டு: கோடையில் மழை பொய்த்து, குளிர்காலத்தில் பனி இறுகி மேய்ச்சலை மூடிவிட, கால்நடைகள் பட்டினியாலும் குளிராலும் மடிவது. 2009-10 குளிர்காலத்தில் மட்டும் பல லட்சக்கணக்கான ஆடுகளும் மாடுகளும் குதிரைகளும் போயின. மந்தையை இழந்தவர்களில் பலர் கெரைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு தலைநகரின் ஓரத்துக்கு வந்தார்கள். அங்கே 'கெர் ஹொரோலல்', கெர்க் குடியிருப்புகள், மேடுகளில் பரந்து கிடக்கின்றன. நகர மக்களில் பாதிக்கும் மேல் அங்கே இருக்கிறார்கள், நிலக்கரி எரித்துக் குளிரைத் தாங்குகிறார்கள். அதனால் விருந்தினர் தரும் சில நாள் வருமானம், புல்வெளியில் இருக்கும் குடும்பத்துக்குச் சின்ன விஷயம் அல்ல.

அப்புறம், தமிழில் எப்படித்தான் எழுதுவது? குடில் என்றால் சிறுமையும் துறவும் சேர்ந்து ஒலிக்கிறது. பாசறை போர்க்களத்துக்குப் போய்விடுகிறது. கம்பளி வீடு என்பது நல்ல தமிழ்; கசாக் பெயருக்கு அப்படியே நேர். முதல் முறை வரும் இடத்தில் 'கெர் என்னும் கம்பளி வீடு' என்று எழுதிவிட்டு, பிறகு கெர் என்றே எழுதலாம் என்பது என் கருத்து. ஹொத் ஐலுக்கு நம்மிடம் அருமையான சொல் ஏற்கெனவே இருக்கிறது: பாடி. முல்லை நிலத்து ஆயர்கள் சேர்ந்து தங்கிய இடம் ஆயர்பாடி. அந்தப் பாடி வாணியம்பாடி, காட்பாடி என ஊர்ப்பெயரில் நிலைத்ததைப் போலவே, மந்தை தங்கும் இடத்தைக் குறித்த 'ஹொத்' இன்று மங்கோலிய மொழியில் நகரத்துக்கும் பெயர். ஐலுக்குக் 'குடி' பொருந்தும்.

முகாமில் தங்கியிருந்தால் 'கெர் முகாமில் தங்கினோம்' என்றே எழுதலாம், தவறில்லை. அங்கே யாரும் குடியிருப்பதில்லை. மேய்ச்சல் குடும்பத்தோடு தங்கியிருந்தால் 'கோபிப் பாலைவனத்தில் கூடாரத்தில் ஒரு இரவு' என்று எழுதாமல், 'கோபிப் பாலைவனத்தில் ஒரு மேய்ச்சல் குடும்பத்தின் வீட்டில் ஒரு இரவு' என்று எழுதுங்கள்.