எட்டுக் கிலோ பெட்டியும் எட்டு மீட்டர் அலையும்

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்லூரித் தோழர்கள் நால்வர் சேர்ந்து நடத்தும் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். ஒத்திகை, டிரம்ஸ் வாசிக்கும் நண்பரின் வீட்டு மொட்டைமாடி அறையில். மூன்று மாடி ஏற வேண்டும், லிஃப்ட் கிடையாது. "சார், எட்டுக் கிலோ எடையில் பத்து அங்குல ஸ்பீக்கரோடு 40 வாட் ஆம்ப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரரோ, பேஸுக்குப் பதினைந்து அங்குலப் பெரிய பெட்டிதான் வேண்டும், இதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்கிறார். ஆனால் 500 வாட் ஆம்ப்பே மூன்று கிலோவுக்குள் வந்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?"

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆம்ப் என்று நாம் சொல்வது இரண்டு வேறு வேலைகளைச் செய்யும் பொருள். ஒன்று, கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்சாரத்தைப் பெருக்குவது. மற்றொன்று, அந்த மின்சாரத்தைக் கொண்டு காற்றை அசைப்பது. கடந்த முப்பது ஆண்டுகளில் முதல் வேலை இறகுபோல் லேசாகிவிட்டது. இரண்டாவது வேலை 1951-இல் லியோ ஃபெண்டர் தன் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது எவ்வளவு கடினமாக இருந்ததோ, இன்றும் ஏறக்குறைய அவ்வளவே கடினம்.

முதல் வேலையை விரைவாகப் பார்த்துவிடுவோம். 1969-இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. புகழ்பெற்ற ஆம்ப். 300 வாட், 14 வெற்றிடக் குழாய்கள். ஸ்பீக்கர் பெட்டியைச் சேர்க்காமல் தலைப்பெட்டி மட்டுமே ஏறத்தாழ 40 கிலோ. அந்த எடையில் பெரும்பகுதி இரும்பு மின்மாற்றிகளுடையது. மின்மாற்றி எவ்வளவு வேகமான மாறுமின்னோட்டத்தில் இயங்குகிறதோ அவ்வளவு சிறிதாக இருந்தால் போதும். வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக்கி, வினாடிக்கு லட்சம் முறை அளவில் வெட்டி, பிறகு மின்மாற்றிக்குக் கொடுத்தால், செங்கல் அளவு இரும்பு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கும். கணினிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கிப் பெட்டி செய்வது இதைத்தான்.

அடுத்தது வெப்பம். பழைய வீடுகளில் மின்விசிறிக்கு ஒரு கனத்த ரெகுலேட்டர் பெட்டி இருந்தது நினைவிருக்கிறதா? விசிறியை மெதுவாகச் சுற்ற வைத்தால் பெட்டி சுடும். மின்சாரத்தைப் பாதி திறந்து பாதி மூடி விட்டால் மிச்சம் வெப்பமாகத்தான் போகும். பழைய வகை டிரான்சிஸ்டர் ஆம்ப்களும் அப்படியே. ஆகவே அந்த வெப்பத்தை வெளியேற்ற விலாவெலும்புபோல் வரிவரியாக அலுமினியம் வேண்டியிருந்தது. இன்றைய லேசான ஆம்ப்களில் உள்ள கிளாஸ் டி என்ற வகையில் டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்திருக்கும் அல்லது முழுக்க மூடியிருக்கும். வினாடிக்குச் சில லட்சம் முறை திறந்து மூடும். திறந்திருக்கும் நேரத்தின் விகிதம் ஒலியலையின் உயரத்தைப் பின்பற்றும். இறுதியில் ஒரு கம்பிச்சுருளும் மின்தேக்கியும் அந்தத் துடிப்புகளை வழவழப்பாக்கி இசையை மீட்டுவிடும். பயனுறுதிறன் 90 சதவீதத்தை ஒட்டி வருகிறது. (இதிலுள்ள டி டிஜிட்டலைக் குறிப்பதல்ல, ஏ, பி, சி-க்கு அடுத்த எழுத்து, அவ்வளவுதான்.)

மூன்றாவது, ஸ்பீக்கரின் காந்தம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிட்டோமோவில் மசாதோ சகாவாவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டுபிடித்த நியோடிமியம்-இரும்பு-போரான் காந்தம், பழைய ஃபெரைட் காந்தத்தின் வேலையை அதன் எடையில் சிறு பங்கில் செய்துவிடுகிறது. இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. மோனசைட்டில் நியோடிமியம் இருக்கிறது. அந்த மணலை அள்ளுவதைக் கடலோர மக்கள் எதிர்க்கிறார்கள், அவர்களுடைய அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. ஆனால் தூக்கியெறியப்படும் ஒவ்வொரு பழைய ஹார்டு டிஸ்க்கிலும் இதே காந்தம் இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து மறுபடி காந்தமாக்கும் ஆய்வுக்கு நம் பல்கலைக்கழகங்களுக்குத் தாராளமாகப் பணம் தரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உலகின் நியோடிமியக் காந்தங்களில் பெரும்பகுதி சீனாவில் தயாராகிறது. 2011-இல் விலை தாறுமாறாக ஏறியபோது ஸ்பீக்கர் செய்பவர்கள் பட்ட பாட்டை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆக, மின்சாரம் லேசாகிவிட்டது. காற்று?

பேஸ் கிட்டாரின் தடித்த ஈ தந்தி வினாடிக்கு 41.2 முறை அதிர்கிறது. ஒலியின் வேகத்தை அதனால் வகுத்தால் அலைநீளம் ஏறத்தாழ 8.3 மீட்டர். இவ்வளவு மெதுவான அதிர்வைக் காதுக்கு எட்டும்படி செய்ய நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கணக்கு போட்டுப் பார்த்தேன். தரையில் வைத்த பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 100 டெசிபல் கேட்க வேண்டுமானால், ஒரே ஒரு பத்து அங்குல ஸ்பீக்கரின் கூம்பு 41 ஹெர்ட்ஸில் முன்னும் பின்னும் ஆறரை மில்லிமீட்டர் அசைய வேண்டும். அதே சத்தத்துக்கு 82 ஹெர்ட்ஸில் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அசைந்தால் போதும். அதிர்வெண் பாதியானால், அதாவது ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அசைவு நான்கு மடங்கு. இந்த வகை ஸ்பீக்கர்கள் பலவும் உருக்குலையாமல் அசையக்கூடியது சில மில்லிமீட்டர்தான். அதைத் தாண்டும்போது கேட்கும் ‘பர்ர்’ என்ற கிழிசல் ஓசையை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார்.

1960-களில் ஜே. ஆன்டன் ஹாஃப்மன் என்ற ஒலிப்பொறியாளர் இதை ஒரு விதியாகவே சொன்னார். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம் என மூன்றில் எவையேனும் இரண்டுதான் கிடைக்கும். இயற்பியல் போட்ட பூட்டு அது. இன்றுவரை யாரும் உடைக்கவில்லை.

அப்படியானால் கடைக்காரர் சொன்னது சரிதானே? பொறுங்கள். அந்த எஸ்.வி.டி.யோடு சேரும் பெட்டியைப் பாருங்கள். எட்டுப் பத்து அங்குல ஸ்பீக்கர்கள், ஆள் இடுப்புக்கு மேல் உயரம். அதன் தயாரிப்பாளர் தரும் அளவுப்படியே 58 ஹெர்ட்ஸில் ஒலி 3 டெசிபல் குறைந்துவிடுகிறது. 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைவு. மேடைகளை அதிர வைத்த அந்தப் பெட்டியே ஈ தந்தியின் அடிப்படை அதிர்வெண்ணை முழுமையாகத் தரவில்லை! யாரும் குறை சொல்லவும் இல்லை. ஏன்?

இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். உங்கள் கைப்பேசியில் ஒரு பேஸ் கிட்டார் பதிவைப் போட்டுக் கேளுங்கள். கட்டைவிரல் நகம் அளவுள்ள அந்த ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனாலும் எந்தச் சுரம் என்பது உங்களுக்குத் தெரிகிறது. பழைய தொலைபேசிக் கம்பியில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் போகாது. அப்பாவின் குரலின் அடிப்படை அதிர்வெண் 100, 120 ஹெர்ட்ஸ் இருக்கும். ஊரிலிருந்து அவர் பேசியபோது கட்டைக் குரலில்தானே கேட்டீர்கள்? இல்லாத ஒலி எப்படிக் கேட்டது?

தந்தி ஒரே வேகத்தில் மட்டும் அதிர்வதில்லை என்பது பள்ளியில் படித்ததுதான். 41.2 ஹெர்ட்ஸோடு அதன் இரண்டு மடங்கு 82.4, மூன்று மடங்கு 123.6, நான்கு மடங்கு 164.8 என்று மேற்சுரங்கள் வரிசையாக எழும். இப்போது மேசைமுன் உட்காருங்கள். ஆறு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றை விடாமல் எண்ணிக்கொண்டே இருங்கள். இடது கையால் 1, 3, 5-இல் தட்டுங்கள். வலது கையால் 1, 4-இல் தட்டுங்கள். சுற்றுக்கு மூன்று தட்டு ஒரு கையில், இரண்டு தட்டு மறு கையில். இரு கைகளும் சேர்ந்து விழுவது ‘ஒன்று’ என்னும் சமத்தில் மட்டுமே. பக்கத்து அறையில் இருப்பவருக்கு நீங்கள் எண்ணுவது கேட்காது. ஆனாலும் இரண்டு நிமிடத்தில் அவர் தலை சமத்துக்குச் சமம் அசையத் தொடங்கிவிடும். சுற்றுக்கு ஒருமுறை மட்டும் தட்டும் மூன்றாவது கை எதுவும் அங்கே இல்லை. சுற்று மட்டும் இருக்கிறது.

காதில் நடப்பதும் இதுவே. 82.4 ஹெர்ட்ஸ் அலை 12.1 மில்லிவினாடிக்கு ஒருமுறை வருகிறது. 123.6 ஹெர்ட்ஸ் அலை 8.1 மில்லிவினாடிக்கு ஒருமுறை. இரண்டும் கைகோப்பது 24.3 மில்லிவினாடிக்கு ஒருமுறை. ஒரு வினாடியை 24.3 மில்லிவினாடியால் வகுத்துப் பாருங்கள்: 41.2! அடிப்படை அதிர்வெண்ணைப் பெட்டி தராவிட்டாலும், மேற்சுரங்களின் கூட்டு வடிவம் வினாடிக்கு 41.2 முறைதான் திரும்பத் திரும்ப வருகிறது. மூளை அந்தத் திரும்பல் வேகத்தைச் சுருதியாக உணர்ந்துவிடுகிறது.

1841-இல் ஜெர்மனியின் ஆகஸ்ட் சீபெக், துளையிட்ட தட்டைச் சுழற்றிக் காற்றை ஊதும் சைரனில் இதைக் கேட்டார். அவரை மறுத்தவர் நம் பாடப்புத்தகத்து ஓம். காது ஒலியைத் தனித்தனி அலைகளாகப் பிரித்தே கேட்கிறது, இல்லாததைக் கேட்பது மயக்கம் என்றார். நூறு ஆண்டுகள் கழித்து நெதர்லாந்தில் பிலிப்ஸ் ஆய்வகத்தின் யான் ஸ்கவுட்டன் அடிப்படை அதிர்வெண்ணை அறவே நீக்கிவிட்டுச் சோதித்தார், சுருதி மாறவில்லை. காதுக்குள்ளேயே ஏதோ உருக்குலைந்து அந்தத் தாழ்ந்த ஒலி உண்டாகிறதோ என்ற ஐயத்தை 1954-இல் அமெரிக்க உளவியலாளர் லிக்லைடர் தீர்த்தார். தாழ்ந்த அதிர்வெண்களை இரைச்சலால் மூழ்கடித்தார். அப்போதும் சுருதி கேட்டது. இரைச்சலுக்குள் தொலைய அங்கே ஒலியே இல்லை, அது மூளையில் இருந்தது. மூளை இதைக் காலக்கணக்கால் செய்கிறதா, மேற்சுர வரிசையின் அச்சை அடையாளம் கண்டு செய்கிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. விற்பனைக்கு ஒன்றும் உடனே தராத இந்தக் கேள்விக்கு ஒரு வானொலிப்பெட்டி நிறுவனம் சம்பளம் கொடுத்து ஆளை உட்கார வைத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை பெருகுகிறது.

ஆனால் ஓர் எல்லை உண்டு. மூளை தருவது சுருதியை. நெஞ்சில் வந்து மோதும் அதிர்வை அது தராது. அதற்குக் காற்று அசைந்தே ஆக வேண்டும். திறந்தவெளி மேடையில் அந்த வேலையை ஒலியமைப்பாளரின் பெரிய பெட்டிகள் பார்த்துக்கொள்ளும். ஒத்திகையில் நமக்கு வேண்டியது, எந்தச் சுரம், எந்த நேரத்தில் என்பது நால்வருக்கும் தெளிவாகக் கேட்பது.

ஒத்திகை அறைகளில் உலவும் ஒரு மூடநம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "பேஸ் அலை எட்டு மீட்டர் நீளம், எட்டு மீட்டர் தள்ளி நின்றால்தான் அலை முழுதாக உருவாகும்" என்று அனுபவசாலிகளே சொல்லக் கேட்டிருக்கிறேன். தவறு. காது அளப்பது ஓரிடத்தில் அழுத்தம் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதை மட்டுமே. இல்லையென்றால் காதுக்குள் செருகும் இயர்ஃபோனில் பேஸ் கேட்கவே கூடாது. பெட்டி அருகே நிற்பவருக்குத் தெளிவு குறைவதன் காரணம் எளிது. பெட்டி தரையில் இருக்கிறது, மேற்சுரங்கள் நேராக முழங்காலை நோக்கிப் போகின்றன. பெட்டியைச் சற்றே பின்னால் சாய்த்துக் காதைப் பார்க்க வையுங்கள். அலை உடனே ‘உருவாகிவிடும்’.

இனி வாசகியின் கேள்விக்கு. 40 வாட் வேண்டாம். டிரம்ஸ் அருகே வாசித்தால் அந்தச் சிறு பெட்டி எப்போதும் மூச்சுமுட்டும் நிலையிலேயே இருக்கும். பதினைந்து அங்குலமும் கட்டாயமில்லை. அதன் கூம்புப் பரப்பு சுமார் 850 சதுர சென்டிமீட்டர். இரண்டு பத்து அங்குல ஸ்பீக்கர்கள் சேர்ந்தால் 690 வரும், ஒரு பன்னிரண்டு அங்குலம் 530. இரண்டு பத்து அங்குலம் வைத்த, கிளாஸ் டி மின்சுற்றும் நியோடிமியம் காந்தமும் கொண்ட பெட்டி 16, 17 கிலோவில் கிடைக்கிறது. ஒற்றைப் பன்னிரண்டு அங்குலம் 100 வாட்டோடு பத்துக் கிலோவை ஒட்டிக் கிடைக்கிறது. டிரம்ஸ் நண்பர் மெதுவாக அடிப்பவர் என்றால் இரண்டாவது; கை ஓங்கி அடிப்பவர் என்றால் முதலாவது.

வாட் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 100 வாட் 200 ஆனால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குச் சிறிய வேறுபாடு. ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எழும் சத்தம், எத்தனை டெசிபல் என்று கேளுங்கள். 95-க்குப் பதில் 98 என்றால் அது வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். பெட்டியில் எழுதிய 500 வாட், ஸ்பீக்கரின் மின்தடை எத்தனை ஓம் இருக்கும்போது என்றும் பாருங்கள். 4 ஓமில் 500 என்றால், உள்ளே இருக்கும் ஒற்றை 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பாதியை ஒட்டித்தான் போகும்.

வாங்கிய பிறகு, கேட்கவில்லை என்றால் கை தானாகப் பேஸ் குமிழிடம் போகும். போகவிடாதீர்கள். அதை 6 டெசிபல் ஏற்றினால் நான்கு மடங்கு மின்சாரமும் இரண்டு மடங்கு கூம்பசைவும் செலவாகும்; கூம்பிடம் அவ்வளவு இல்லை. பேஸைச் சற்றுக் குறைத்து, நடுக் குமிழை ஏற்றுங்கள். 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான மேற்சுரங்கள் வெளியே வந்தால் மிச்சத்தை நால்வரின் மூளையும் பார்த்துக்கொள்ளும். பெட்டியைச் சுவரோரமாக வைத்தால் தாழ்ந்த ஒலிக்குச் செலவில்லாமல் சில டெசிபல் கூடும்.

கடைக்கு உங்கள் சொந்தக் கிட்டாரையே எடுத்துப் போங்கள். திறந்த ஈ தந்தியில் தொடங்கி ஒவ்வொரு கட்டமாக மேலே வாசியுங்கள், எந்தச் சுரம் திடீரென்று பருக்கிறது, எது காணாமல் போகிறது என்று கவனியுங்கள். பிறகு கிட்டாரை நண்பரிடம் கொடுத்துவிட்டு நான்கு மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். பிடித்திருந்தால், பணம் கட்டும் முன், முதுகில் கிட்டாரும் ஒரு கையில் பெட்டியுமாகக் கடையின் மாடிப்படியை ஒருமுறை ஏறிப் பாருங்கள்.