ஓய்வுக்கால வீட்டை எண்பது வயதை மனத்தில் வைத்துப் பாருங்கள்

வீடு வாங்குவதற்கு முன் கட்டடத்தைச் சோதித்துக் கருத்துச் சொல்லும் பொறியாளன் என்ற முறையில், பெங்களூருவில் பணி ஓய்வு பெறும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுடன் வீடு பார்க்கச் செல்கிறேன். எச்.ஏ.எல்., பி.இ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்களில் உழைத்து ஓய்வு பெறுபவர்களும், பிள்ளைகளுக்கு அருகில் இருப்பதற்காகத் தமிழ்நாட்டு வீட்டை விற்றுவிட்டு வருபவர்களும் இவர்களில் உண்டு. அறுபது வயதின் உடல்நிலையை வைத்தே பெரும்பாலோர் வீட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அந்த வீடு அவர்களுக்கு மிகவும் தேவைப்படப்போவது எழுபதுக்கும் எண்பதுக்கும் மேல்தான்.

நான் முதலில் பார்ப்பது குளியலறையை. கதவை முழுதாகத் திறந்து, உள்ளே நுழையக் கிடைக்கும் இடைவெளியை டேப் பிடித்து அளந்தால், பல அடுக்குமாடி வீடுகளில் அது 65 சென்டிமீட்டரை ஒட்டியே நிற்கிறது. சாதாரணச் சக்கர நாற்காலியின் அகலமும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால், கையை இடித்துக்கொள்ளாமல் நுழைய முடியாது. மத்திய அரசின் அணுகல் வழிகாட்டுதல்கள் 90 சென்டிமீட்டர் வேண்டும் என்கின்றன. கதவு உட்பக்கம் திறப்பது அதைவிட ஆபத்தானது. உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து கதவை ஒட்டிக் கிடந்தால், வெளியிலிருப்பவர்களால் அதைத் தள்ளித் திறக்க இயலாது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற இடமிருக்கிறதா, கைப்பிடிக் கம்பி பொருத்தினால் ஆளின் எடையைத் தாங்கும் அளவுக்குச் சுவர் உறுதியானதா என்பதை வாங்குமுன்பே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது லிஃப்ட். ஸ்ட்ரெச்சரின் நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். ஆறு பேர் ஏறும் சிறிய லிஃப்டில் நோயாளியைப் படுக்க வைத்து இறக்க முடியாது. மின்சாரம் போனால் லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா என்பதையும் உறுதி செய்யுங்கள். பல கட்டடங்களில் லிஃப்டை அடைவதற்கே மூன்று படி ஏற வேண்டியிருக்கிறது. 45 சென்டிமீட்டர் உயரத்துக்கு முறையான சரிவுப்பாதை அமைக்க, ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற 1:12 கணக்கில் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அந்த இடம் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் விற்பவரின் வாய்ச்சொல் போதாது. 2024 கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டால் இந்நகரம் பட்ட பாட்டை நாம் அனைவரும் அறிவோம். அவ்வாண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் நகரோடு இணைக்கப்பட்ட 110 கிராமப் பகுதிகளுக்காகத் தொடங்கப்பட்டது என்றாலும், தெருவில் குழாய் வந்திருப்பது வேறு, அந்தக் கட்டடத்துக்கு இணைப்பு கிடைத்திருப்பது வேறு. மார்ச், ஏப்ரல் மாதங்களின் தண்ணீர் டேங்கர் செலவுக் கணக்கைக் குடியிருப்போர் சங்கத்திடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். பராமரிப்புக் கட்டணமும் ஓய்வூதியத்துக்குள் அடங்க வேண்டும்: சதுர அடிக்கு 4 ரூபாய் என்றாலே 1,300 சதுர அடி வீட்டுக்கு மாதம் 5,200 ரூபாய் ஆகிறது.

ஆவணங்களை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்றாலும், இரண்டை நீங்களே கேளுங்கள்: மாநகராட்சியின் சொத்துப் பதிவான கத்தா, விதிப்படி அமைந்த சொத்துக்குரிய ஏ கத்தாவா, குறைபாடுள்ள சொத்துக்குரிய பி கத்தாவா; கட்டி முடித்த கட்டடத்தில் குடியேறலாம் என்று அதிகாரிகள் தரும் சான்றிதழான ஓ.சி. இருக்கிறதா. விலை குறைவு என்பதற்காக இவற்றில் விட்டுக்கொடுத்தால், நாளை மருத்துவச் செலவுக்காக விற்க நேரும்போது வாங்குபவருக்கு வங்கிக்கடன் கிடைப்பதே கடினமாகிவிடும். பாதி கட்டப்பட்ட வீட்டில் ஓய்வுக்காலச் சேமிப்பை முடக்குவதை, வீட்டுத் திட்டங்களைக் கண்காணிக்கும் ரேரா ஆணையத்தில் பதிவாகியிருந்தாலும், நான் பரிந்துரைப்பதில்லை. தாமதம் ஏற்பட்டால் காத்திருக்க இளையவர்களுக்கு இருக்கும் காலம் இவர்களுக்கு இல்லை.

நகரின் நடுவிலுள்ள அல்சூரில் கோயிலுக்கும் கடைக்கும் நடந்தே போய்வந்தவர்கள், புறநகரான சர்ஜாபூருக்கு அப்பால் தனி வீடு வாங்கி, மருந்து வாங்கக்கூடப் பிள்ளைகளின் காருக்காகக் காத்திருப்பதைக் காணும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது. மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதோடு நில்லாமல், காலை ஒன்பது மணி நெரிசலில் ஒருமுறை அங்கே போய்ப் பாருங்கள். இயன்றால் அதே பகுதியில், முடிந்தால் அதே கட்டடத்திலேயே, 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குக் குடியிருந்து, ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் பார்த்துவிட்டு அதன் பிறகு வீடு வாங்க முன்பணம் கொடுங்கள்.