ஏரியா சபைக்கு உங்கள் தெருச் சங்கம் எப்படிப் போக வேண்டும்?

கிராம சபை பற்றி எல்லோருக்கும் தெரியும். சென்னையிலும் அப்படி ஒன்று இருக்கிறது, ஏரியா சபை. பகுதி சபை என்றும் சொல்வார்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் போதும், உங்கள் ஏரியாவின் சபையில் நீங்களும் ஒருவர். விண்ணப்பம், சந்தா எதுவும் கிடையாது, சொந்த வீடும் வேண்டாம். வேளச்சேரியில் வாடகைக்கு இருப்பவரும் புளியந்தோப்பில் வாரியக் குடியிருப்பில் இருப்பவரும் அவரவர் சபையில் எழுந்து பேசலாம்.

3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தமே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்குச் சட்டம் வந்தது 2010-இல், விதிகள் வந்ததோ 2022-இல். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று கூட்டங்கள் தொடங்கின, முதல்வர் ஸ்டாலினே தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த சபையில் உட்கார்ந்தார். சென்னையில் 200 வார்டு, வார்டுக்கு 10 ஏரியா. ஏரியாவுக்கு ஒரு பிரதிநிதி, தலைவராகக் கவுன்சிலர், இவர்கள் சேர்ந்ததுதான் வார்டு குழு.

இந்தப் பிரதிநிதிகளுக்குத் தேர்தல் இல்லை, நியமனம்தான். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான், ஏனென்றால் கவுன்சிலருக்கு வேண்டியவர்களே வந்து உட்கார வாய்ப்பு இருக்கிறது. சங்கம் என்ற பெயருக்குத் தனி இருக்கையும் கிடையாது. அப்படியிருந்தும் சங்கம் ஏன் வேண்டும் என்றால், ஒருத்தர் தனியாகக் கேட்டால் 'பார்க்கலாம்' என்று அனுப்பிவிடுவார்கள், அதே கோரிக்கையை முப்பது பேர் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்து, அடுத்த கூட்டத்திலும் வந்து என்ன ஆச்சு என்று கேட்டால் அப்படி அனுப்ப முடியாது.

சங்கத்தைப் பதிவு செய்வது பெரிய வேலை இல்லை. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து, பைலா, அதாவது சங்கத்தின் விதிமுறைகள் எழுதி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். கஷ்டம் அதற்கு அப்புறம்தான்: வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டி, கணக்கு காட்டி, நிர்வாகிகள் பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆரம்பத்தில் உற்சாகமாகப் பதிந்துவிட்டு இதை விட்டுவிடும் சங்கங்கள் நிறைய. கணக்கு ஒழுங்காக இருந்தால், மக்களும் அரசும் சேர்ந்து பணம் போட்டு ஊர் வேலைகளைச் செய்யும் 'நமக்கு நாமே' திட்டத்துக்கும் போகலாம், பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் போட வேண்டும், மீதி அரசு.

சரி, கூட்டத்தில் என்ன பேசுவது? 'மழை வந்தால் தண்ணி நிற்குது' என்று பொதுவாகச் சொன்னால் பதிவேட்டில் ஒரு வரியோடு போய்விடும். எந்தத் தெரு, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை, முழங்கால் அளவா இடுப்பளவா, வடிகால் எங்கே அடைத்திருக்கிறது, மாநகராட்சியின் 1913 என்ற புகார் தொலைபேசியில் கொடுத்த புகாரின் எண் என்ன, போட்டோவோடு எழுதிக் கொடுங்கள். அதையும் அக்டோபரில் கொண்டு போகாதீர்கள், மதிப்பீடு போட்டு டெண்டர் விடவே மாதங்கள் ஆகும், கோடையிலேயே கேட்க வேண்டும். யாருடைய வேலை என்பதையும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்: மழைநீர் வடிகால் மாநகராட்சி, கழிவுநீர் மெட்ரோ வாட்டர் என்கிற சென்னைக் குடிநீர் வாரியம், உட்புறத் தெரு மண்டல அலுவலகம், பஸ் போகும் சாலைக்கு மாநகராட்சியிலேயே தனித் துறை. இது தெரியாமல் போனால் அங்கே போ, இங்கே போ என்று அலையவிடுவார்கள்.

பேசியது பதிவானதா என்று அங்கேயே கேளுங்கள். நகல் தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கே பல குடியிருப்போர் சங்கங்களில் வீட்டு உரிமையாளர்களுக்கு மட்டும்தான் இடம். வாடகைக்காரர்கள், தெருக்கோடியில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் குடும்பம், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, இவர்களில் அதே ஏரியாவில் ஓட்டு உள்ளவர்கள் எல்லோரும் சபையின் உறுப்பினர்கள், பொதுக் குழாயில் தண்ணீர் வராததும் பொதுக் கழிப்பறை பூட்டிக் கிடப்பதும் அவர்கள் வந்து சொன்னால்தான் வெளியே தெரியும். பைலாவில் அவர்களுக்கும் இடம் வையுங்கள், சங்கக் கூட்டத்தை வேலை முடிந்த பிறகு, இரவு எட்டு மணிக்கு வையுங்கள்.

உங்கள் ஏரியாவின் பிரதிநிதி யார், அடுத்த கூட்டம் எப்போது, எங்கே என்பதைக் கவுன்சிலர் அலுவலகத்திலோ மண்டல அலுவலகத்திலோ கேட்டு, தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். வாட்ஸ்அப் இல்லாதவர்களுக்கு ரேஷன் கடை வாசலில் ஒரு தாள் ஒட்டுங்கள்.