‘உம்’ கொட்டுபவரின் வேலை

இலங்கையின் வன்னிப் பகுதியில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள ஒரு தேநீர்க்கடையின் வாங்கில் மாலை வேளைகளில் நாங்கள் நான்கு பேர் அமர்வது வழக்கம். ஒருவர் முத்தையன்கட்டுக் குளத்து நீரை நம்பிக் காலபோகமும் சிறுபோகமும் நெல் விதைப்பவர். ஒருவர் லாண்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரம் ஓட்டுபவர். மற்றவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நான்காவது ஆள் நான். பிளேன்ரீ ஆறுவதற்குள் அன்றைய மதியச் சாப்பாடு, முதல்நாள் இரவு தொலைக்காட்சியில் பார்த்த சாகசப் போட்டி, வயலுக்குள் இறங்கிய யானை ஆகிய மூன்றையும் ஒருமுறை சுற்றி வந்துவிடுவோம். இவ்வளவு நேரமும் என்ன செய்தீர்கள் என்று வீட்டில் கேட்டால், “சும்மா கதைச்சுக்கொண்டு இருந்தம்” என்பதைத் தவிர வேறு பதில் எங்களிடம் இருப்பதில்லை. அந்தச் ‘சும்மா’வுக்குள் மனித மூளை மிக விரைவான ஒரு வேலையைச் செய்து முடிக்கிறது, அந்த வேலையின் பெரும்பகுதி, அந்நேரத்தில் வாய் திறவாமல் இருப்பவரின் தலையில்தான் நடக்கிறது.

ஒருவர் பேசி முடிக்க, மற்றவர் தொடங்குகிறார் என்பது விளக்கம் தேவைப்படாத செய்தியாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லோஃப், கெயில் ஜெஃபர்சன் என்னும் மூன்று ஆய்வாளர்கள், ஒலிநாடாவில் பதிவான சாதாரண உரையாடல்களை மூச்சும் தடுமாற்றமும் விடாமல் எழுதிப் பார்த்து, 1974 இல் ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்ட பின்னரே அது ஓர் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. தலைவரும் நிகழ்ச்சிநிரலும் இல்லாத பேச்சிலும் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒருவரே பேசுகிறார் என்பதும், இருவர் குரல் மோதிக்கொள்வது அடிக்கடி நேர்ந்தாலும் அது நொடிப்பொழுதில் தீர்ந்துவிடுகிறது என்பதும், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் ஏறக்குறைய இடைவெளியின்றித் தொடுத்துக்கொள்கிறார் என்பதும் அவர்கள் கண்டவை.

அந்த இடைவெளியை அளந்தவர்கள் பின்னர் வந்தார்கள். தான்யா ஸ்டிவர்ஸ் தலைமையிலான குழு 2009 இல் வெளியிட்ட ஆய்வில், பத்து மொழிகளில், ஆம் அல்லது இல்லை என்று விடை வேண்டும் கேள்விகளுக்கும் அவற்றின் பதில்களுக்கும் இடையிலான நேரம் கணக்கிடப்பட்டது. எல்லா மொழிகளையும் சேர்த்துப் பார்த்தால் அது சராசரியாக ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 200 மில்லிநொடி அளவில் நின்றது. ஜப்பானிய மொழியினர் 7 மில்லிநொடியில் பதில் தொடங்கினர்; டேனிய மொழியினர் 469 மில்லிநொடி எடுத்தனர். மிக விரைவுக்கும் மிகத் தாமதத்துக்கும் இடையில் அரை நொடிகூட இல்லை. எழுத்தின் ஒலி நீளத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தாலும் கைநொடிக்கும் நேரத்தாலும் அளந்து, அதற்கு மாத்திரை என்று பெயரிட்டது நம் இலக்கணம். உலகெங்கும் பேச்சு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும் நேரமும் ஏறத்தாழ அந்த அளவுதான் என்றபோது, எங்கள் ஆசிரியர் அதைத் தம் சொந்தச் சாதனைபோல ஏற்றுக்கொண்டார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னால், கண்டு, பொருளை உணர்ந்து, சொல்லைத் தேடியெடுத்து, ஒலியாக வடித்து வாயைத் திறப்பதற்கு ஏறத்தாழ 600 மில்லிநொடி ஆகிறது. ஒற்றைச் சொல்லுக்கே அவ்வளவு நேரம் என்றால், ஒரு வாக்கியத்துக்கு அதைவிட மிகுதியாக வேண்டும். ஆனால் கிடைக்கும் இடைவெளியோ 200 மில்லிநொடி. ஆகவே, மற்றவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, அதன் பின்னர் யோசித்துப் பதில் சொல்பவர் எவரும் இல்லை. கேட்பவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தம் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறார். அது மட்டுமன்றி, மற்றவர் எந்த இடத்தில் நிறுத்துவார் என்பதையும் முன்கூட்டியே கணித்து, அந்த இடத்தில் குதிப்பதற்காகக் காலை எடுத்து வைத்து நிற்கிறார்.

இதை மூளையின் மின்னலைகளிலேயே கண்டார்கள் சாரா போகெல்ஸ், லில்லா மக்யாரி, ஸ்டீபன் லெவின்சன் ஆகியோர். 2015 இல் வெளியான அவர்களுடைய சோதனையில், விடைக்குரிய குறிப்பு சில கேள்விகளில் நடுவிலும் சிலவற்றில் கடைசியிலும் வைக்கப்பட்டிருந்தது. வன்னிக்கு ஏற்ப அதை நான் இப்படி அமைத்துக்கொள்கிறேன். “பண்டாரவன்னியன் 1803 இல் கைப்பற்றிய கோட்டை, இன்று மாவட்டத்தின் தலைநகராக விளங்கும் எந்தக் கரையோர ஊரில் இருந்தது?” என்று கேட்டால், ‘கோட்டை’ என்னும் சொல்லோடு முல்லைத்தீவு என்ற விடை கேட்பவரிடம் வந்துவிடும். “இன்று மாவட்டத்தின் தலைநகராக விளங்கும் எந்தக் கரையோர ஊரின் கோட்டையை 1803 இல் கைப்பற்றினான் பண்டாரவன்னியன்?” என்றால் கடைசிச் சொல்வரை காத்திருக்க வேண்டும். முதல் வகைக் கேள்வியில், குறிப்புக் கிடைத்து அரை நொடி கழிவதற்குள்ளாகவே, கேள்வி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது, பதில் ஆயத்தமாவதன் தடயம் மின்னலைகளில் தெரிந்தது. கேள்வி முடிந்த பின் பதிலும் விரைவாக வந்தது.

இடைவெளி அளக்கப்பட்ட அந்தப் பத்து மொழிகளுள் தமிழ் இல்லை. ஆனால் தமிழைப்போலவே வினையை இறுதியில் வைக்கும் ஜப்பானிய மொழியும் கொரிய மொழியும் இருந்தன. வினை கடைசியில் வரும் மொழியில், செய்தி இன்னதென்று உறுதியாவது கடைசி அசையில்தான். வந்தானா, வந்தாளா, வரவில்லையா என்பதெல்லாம் வாலில் இருக்கிறது. அப்படியானால் தமிழ் கேட்பவர் எதைப் பற்றிக்கொண்டு முடிவைக் கணிக்கிறார்? நெல் விதைப்பவரின் யானைக்கதையில் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம். “விடியப்புறம் வாய்க்கால்கட்டாலை போய்க்கொண்டிருக்கேக்கை, முன்னாலை கறுப்பா ஒண்டு அசையிறதைக் கண்டு, சைக்கிளைப் போட்டிட்டு, மருதமரத்திலை ஏறி...” என்று அவர் மூச்சு வாங்குகிறார். அந்த மூச்சு எந்த இடைவெளியையும் விட நீளமானது; ஆயினும் எங்களுள் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ‘கண்டு’, ‘போட்டிட்டு’, ‘ஏறி’ என்பவை யாவும் எச்சங்கள். இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதை அந்த வடிவமே அறிவித்துவிடுகிறது. “இருந்தன்” என்ற முற்று விழுந்த கணத்தில் லாண்ட்மாஸ்டர்காரர், “எவ்வளவு நேரம்?” என்று உள்ளே வருகிறார்.

வினையெச்சம், வினைமுற்று என்னும் பெயர்களைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த நாட்களில், அவை தேர்வுத்தாளுக்காக உண்டானவை என்றே நான் நினைத்திருந்தேன். பேச்சில் அவை வண்டியின் கைகாட்டிகளைப்போல வேலை செய்கின்றன என்பது என் எண்ணம்: எச்சம் ‘நான் இன்னும் நிறுத்தவில்லை’ என்கிறது, முற்று ‘இனி நீ வரலாம்’ என்கிறது. பேச்சு தம்மை விட்டுப் போகாமல் இருக்க விரும்புபவர், ‘ஏறீஇ...’ என்று எச்சத்தின் ஈற்றை இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த சொல்லைத் தேடுவதையும், பேச்சைக் கைவிட விரும்புபவர் முற்றோடு நில்லாமல் “என்ன?”, “எல்லோ?”, “கண்டியோ” என்று ஒரு வாலைக் கட்டிவிடுவதையும் எந்தத் தேநீர்க்கடையிலும் கேட்கலாம்.

அடுத்து யார் பேசுவது என்பதற்கும் 1974 இன் கட்டுரை ஓர் ஒழுங்கைச் சொல்கிறது. பேசுபவர் அடுத்தவரைச் சுட்டினால் பேச்சு அவருக்குரியது. சுட்டவில்லை என்றால் முதலில் தொடங்குபவருக்குரியது. எவரும் தொடங்கவில்லை என்றால் பேசியவரே தொடரலாம். “மச்சான், நீயும் அண்டைக்கு நிண்டனியெல்லோ?” என்ற ஒரு வரியில் முறைச்சொல்லும் முன்னிலை வினையும் சேர்ந்து, நால்வருள் ஒருவரைத் துல்லியமாகப் பிடித்து நிறுத்திவிடுகின்றன. ஆசிரியரை நோக்கியதாயின் அதே வரி “சேர், நீங்களும் அண்டைக்கு நிண்டனீங்களெல்லோ?” என்று மாறும். மரியாதைப் பன்மை இங்கே மரியாதையை மட்டும் செய்வதில்லை. வாங்கில் இருக்கும் மற்ற இருவருக்கும் இது உங்களுக்கான கேள்வியன்று என்பதையும் தெரிவித்துவிடுகிறது.

சாப்பாட்டுப் பேச்சின் இயக்கம் எளியது. “விரால் குழம்பு நல்லாயிருந்தது” என்று ஒருவர் மதிப்பிட்டால், உடன் சாப்பிட்ட மற்றவர் அதே அளவில் “ஓம், நல்லாத்தான் இருந்தது” என்று நின்றுவிடக்கூடாது, “நல்லமோ? திறம்!” என்று ஒரு படி ஏற்ற வேண்டும். ஏற்றிச் சொல்வதே உடன்பாட்டின் உறுதியான வடிவம் என்பதையும், ஒரே அளவில் திருப்பிச் சொல்வது பெரும்பாலும் வரப்போகும் மறுப்புக்கு முன்னோடி என்பதையும் அனிட்டா பொமரன்ட்ஸ் 1984 இல் எடுத்துக் காட்டினார். மறுப்பு என்றால் இடைவெளியும் நீள்கிறது. “ஞாயிற்றுக்கிழமை வீட்டை வாவன், கூழ் காய்ச்சுறம்” என்ற அழைப்புக்கு முக்கால் நொடி மௌனம் கிடைத்தால், அதன் பின்னர் வரும் “பாப்பம்” என்ற சொல்லைக் கேட்கத் தேவையில்லை. மௌனமே பதிலைச் சொல்லிவிட்டது.

தொலைக்காட்சியைப் பற்றிய பேச்சில் ஒருவர் குரல்மேல் இன்னொருவர் குரல் ஏறுவது எங்களிடம் மிகுதி. நால்வரும் அதே போட்டியைப் பார்த்திருப்பதால் எவருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை, “அந்தக் கயிறு...” என்று ஒருவர் தொடங்கினாலே “அறுந்தது!” என்று இருவர் முடித்துவிடுகிறார்கள். முடிவைக் கணிப்பது மிக எளிதாகிவிட்டால் இடைவெளி சுழியத்துக்கும் கீழே போய்விடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

சாகசக்கதை வேறு இனம். அதற்குக் கைமாறும் ஒழுங்கைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க வேண்டும், அதனால்தான் கதை சொல்பவர் நேரே யானைக்குப் போகாமல், “நேற்று நடந்தது தெரியுமோ?” என்று முதலில் அனுமதி கேட்கிறார். “என்ன நடந்தது?” என்று கேட்பவர் அதைக் கொடுத்த பின்னர், எத்தனை முற்று விழுந்தாலும் கதை முடியும்வரை பேச்சு அவருடையது. மற்றவர்கள் செய்வதற்கு மிஞ்சியிருப்பது ‘உம்’ கொட்டுவது மட்டுமே. பேத்தியோ பேரனோ ‘உம்’ கொட்டாவிட்டால் கதையை நிறுத்திவிடும் பாட்டிமாரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பிள்ளை தூங்கிவிட்டதா என்று பார்ப்பதற்காக அவர்கள் அப்படிச் செய்கிறார்கள் என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மை.

மீதிப் பாதியைக் கனடாவில் ஜனெட் பவேலாஸும் உடன் ஆய்வாளர்கள் இருவரும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மயிரிழையில் தப்பிய தம் அனுபவம் ஒன்றை ஒருவர் முன்பின் தெரியாத மற்றொருவருக்குச் சொல்ல வேண்டும் என்பது சோதனை. கேட்பவர்களுள் ஒரு பகுதியினருக்கு, கதைசொல்லி அறியாதபடி, ஒரு வேலை கொடுக்கப்பட்டது: குறிப்பிட்ட ஓர் எழுத்தில் தொடங்கும் சொல் வரும்போதெல்லாம் அதைக் கவனித்து எண்ண வேண்டும். இவர்கள் ஒவ்வொரு சொல்லையும் கூர்ந்து கேட்டார்கள். ஆனால் கதையைக் கேட்கவில்லை. கேட்பவரின் குரல்களில் இரு வகை உண்டு. ‘ம்’, ‘ஓம்’ என்பவை எந்தக் கதையின் எந்த இடத்துக்கும் பொருந்தும்; “ஐயோ!”, “பேந்து?” என்பவையும் முகம் சுளிப்பதும் மூச்சை உள்ளே இழுப்பதும் அந்தக் கதையின் அந்தக் கணத்துக்கு மட்டுமே பொருந்தும். கவனம் திருப்பப்பட்டவர்களிடம் இரண்டாம் வகை ஏறத்தாழ மறைந்துபோனது. அதன் விளைவு கதைசொல்லியிடம் வெளிப்பட்டது: உச்சக்கட்டத்தை நெருங்கியதும் அவர்களுடைய கதை குலைந்தது. சிலர் சட்டென்று முடித்தார்கள். சிலர் முடிவையே சுற்றிச் சுற்றிச் சொன்னார்கள். சிலர் அது ஏன் ஆபத்தானது என்று விளக்கத் தொடங்கினார்கள்.

கேட்பவரின் மூளையில் அப்போது என்ன நடக்கிறது என்பதை யூரி ஹாசனின் ஆய்வுக்குழு 2010 இல் காந்த அதிர்வுப் படக்கருவியால் பார்த்தது. கதை சொன்னவரின் மூளையில் தோன்றிய இயக்கக் கோலம், சில நொடி பிந்திக் கேட்டவர்களின் மூளையிலும் தோன்றியது. சில பகுதிகளில் கேட்டவரின் மூளை சொன்னவரை முந்திக்கொண்டது. அவ்வாறு முந்திய அளவு மிகுந்தவர்கள் கதையையும் நன்றாக விளங்கிக்கொண்டிருந்தார்கள். தெரியாத மொழியில் கதையைக் கேட்டவர்களிடம் இந்த ஒத்தியக்கம் இல்லை. யானை திரும்பப் போகிறது என்பதைச் சொல்வதற்கு முன்பே நாங்கள் மூச்சை இழுத்துப் பிடிப்பது, கதைசொல்லிக்கு நாங்கள் முந்திவிட்டோம் என்று தெரிவிக்கும் அடையாளம்.

இழை அறுந்தால் முடிச்சுப் போடவும் ஒரு கருவி இருக்கிறது. பேச்சை விளங்கிக்கொள்ளாதபோது நாம் “ஆ?” என்கிறோம். மார்க் டிங்கமான்ஸவும் உடன் ஆய்வாளர்களும் 2013 இல் பத்து மொழிகளை ஒப்பிட்டு, ஒன்றோடொன்று உறவில்லாத மொழிகளிலும் இச்சொல் அந்தந்த மொழியின் கேள்விக்குரிய குரலில் அமைந்த ஓரசையாகவே இருப்பதைக் காட்டினர். 12 மொழிகளை எடுத்துக்கொண்ட அவர்களுடைய பின்னைய ஆய்வில், சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை எவராவது இப்படிப் பேச்சை நிறுத்தித் திருத்தம் கேட்பது தெரியவந்தது.

வாங்கின் நீளம் நால்வருக்கு மட்டுமே போதுமானது என்பதை இங்கே சொல்லிவைக்க வேண்டும். தானாகச் சேரும் பேச்சுக்கூட்டங்களைக் கவனித்த ராபின் டன்பாரின் குழுவினர், ஒரே உரையாடலில் நிலைப்பவர்கள் ஏறத்தாழ நான்கு பேர் என்றும், அதற்கு மேல் சேர்ந்தால் கூட்டம் இரண்டாகப் பிரிகிறது என்றும் 1995 இல் எழுதினார்கள். ஐந்தாவது ஆளாகக் கடைக்காரர் வந்து நின்றால் எங்களிடமும் அதுவே நிகழ்கிறது. ஒரு பக்கம் நெல் விலை, மறுபக்கம் யானை.

சென்ற மாதம் ஒருநாள் அப்படியும் இல்லை. லாண்ட்மாஸ்டர்காரர் கைபேசியில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். ஆசிரியர் நாளிதழை விரித்திருந்தார். நான், இந்தக் கட்டுரையை மனத்தில் வைத்து, நெல் விதைக்கும் நண்பரின் யானைக்கதையில் எச்சங்களையும் முற்றுகளையும் எண்ணிக்கொண்டிருந்தேன். மூவரும் இடையிடையே ‘ம்’ என்றோம். “மரத்திலை ஏறி இருந்தன். பேந்து அது போயிட்டுது” என்று அவர் முடித்துவிட்டார். சற்றுப் பொறுத்து, “தனியன். பெரிய தனியன்” என்றார். பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, “மிதிச்சிருந்தால் அவ்வளவுதான்” என்றார். அப்போதுதான் ஆசிரியர் நாளிதழை மடித்து வைத்து, “ஆ? எந்த மரத்திலை?” என்று கேட்டார். நண்பர் கோப்பையைக் கீழே வைத்தார். கதை விடியப்புறத்து வாய்க்கால்கட்டிலிருந்து மறுபடி தொடங்கியது.