'ஆயின்' வாக்கியத்தை எப்படித் திருப்புவது?

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு அளவையியல் (தர்க்கம்) கற்பிக்கிறேன். விதித்து விதித்தல் (முன்பகுதி உண்மை, ஆகவே பின்பகுதியும் உண்மை), மறுத்து மறுத்தல் (பின்பகுதி பொய், ஆகவே முன்பகுதியும் பொய்) விதிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் பிள்ளைகள், குறியீட்டை எடுத்துவிட்டு வாக்கியத்தைக் கொடுத்தால் சறுக்கிவிடுகிறார்கள்.

"புகை இருந்தால் நெருப்பு இருக்கும்" என்று கொடுத்தால், "நெருப்பு இருக்கிறது, ஆகவே புகையும் இருக்கிறது" என்று எழுதுகிறார்கள். அது வெறும் மறுதலை, அதாவது பகுதிகளை இடம் மாற்றியது மட்டுமே. "புகை இல்லை, ஆகவே நெருப்பும் இல்லை" என்பதும் அதே பிழைதான். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை கிடையாது. பழைய இந்தியத் தர்க்க மரபான நியாயத்தின் நூலார் எதிர் உதாரணமாகக் காட்டியது அந்த இரும்பைத்தான். சரியாகத் திருப்ப, இரு பகுதிகளும் இடம் மாற வேண்டும், இரண்டிலும் மறுப்பும் சேர வேண்டும்: "நெருப்பு இல்லையேல் புகை இல்லை." மூல வாக்கியம் உண்மையானால் இதுவும் உண்மை, அது பொய்யானால் இதுவும் பொய். மற்ற இரண்டுக்கும் அந்த உறுதி கிடையாது.

'தான்' வந்தால் இன்னும் கவனம் தேவை. "மூன்று பாடமும் சித்தியடைந்தால்தான் பல்கலைக்கழகம்" என்றால், போனவர் சித்தியடைந்தவர் என்பது மட்டுமே பொருள். சித்தியடைந்தவர் போவாரா என்பதை இசட் புள்ளி (அனுமதிக்கு மாணவரைத் தரப்படுத்தும் புள்ளி) தீர்மானிக்கும்.

வடகீழ்ப் பருவமழையோடு டெங்கு பெருகும் எங்கள் ஊரில் இந்தப் பிழைக்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரலாம். டெங்கு வைரசின் புரதத்தை இரத்தத்தில் தேடும் என்.எஸ்.1 பரிசோதனை காட்டிக்கொடுத்தால் டெங்கு. "காட்டவில்லை, ஆகவே டெங்கு இல்லை" என்று பெற்றோர் ஆறுதலடைவதைக் கேட்கும்போது எனக்குப் பதறுகிறது. காய்ச்சல் தொடங்கிச் சில நாட்கள் கழிந்துவிட்டால் அந்தப் பரிசோதனை நோயைத் தவறவிடக்கூடும்.

இன்னொன்று இதைவிட ஆபத்தானது, ஏனெனில் அதன் வடிவத்தில் குறையே இல்லை: "டெங்கு என்றால் காய்ச்சல் இருக்கும், காய்ச்சல் விட்டுவிட்டது, ஆகவே டெங்கு இல்லை." மறுத்து மறுத்தல் விதி சரியாகவே கையாளப்பட்டிருக்கிறது. பிழை முதல் எடுகூற்றில், அதாவது 'டெங்கு என்றால் காய்ச்சல் இருக்கும்' என்ற தொடக்கக் கூற்றில் இருக்கிறது. காய்ச்சல் தணியும் வேளையில்தான், பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் கட்டம் தொடங்குகிறது. அந்த நேரத்தில் கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, மிகுந்த சோர்வு, சிறுநீர் குறைதல் தென்பட்டால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளையின் உடம்பு குளிர்ந்துவிட்டது என்பதற்காக, வைத்தியர் சொன்ன மறு இரத்தப் பரிசோதனையைக் கைவிடாதீர்கள்.