பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கும் கால்வாய்ப் படகு

இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் ஓடும் 'நேரோபோட்' பார்ப்பதற்கே விசித்திரமான படகு. அகலம் 2.1 மீட்டர்தான், நீளமோ 17 மீட்டரையும் தாண்டும். இந்த ஒல்லி உடம்புக்குக் காரணம் லாக்குகள். இரு பக்கமும் கதவு வைத்த தொட்டி அது. அதற்குள் படகை விட்டு, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ மேட்டுக்கு ஏற்றுவார்கள், பள்ளத்துக்கு இறக்குவார்கள். ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளரின் திட்டப்படி 1766-ல் டிரென்ட்–மெர்சி கால்வாய் வேலை தொடங்கியது. அதில் லாக்கின் அகலம் சுமார் 7 அடி. தொட்டி குறுகினால் கட்டும் செலவும் குறையும், ஒவ்வொரு தடவையும் வீணாகும் தண்ணீரும் குறையும். மிட்லண்ட்ஸ் பகுதியில் பல கால்வாய்கள் இதே அளவில் வந்ததால், படகின் அகலம் 6 அடி 10 அங்குலத்தில் நின்றுபோனது.

இதை ரிமோட்டில் ஓடும் மாதிரியாகச் செய்ய நினைப்பவர்களுக்கு 1:12 வசதியான அளவு. நிஜப் படகின் ஓர் அடி மாதிரியில் ஓர் அங்குலம், கணக்கு அவ்வளவுதான். 57 அடிப் படகு 57 அங்குலம், அதாவது 1.45 மீட்டர் ஆகும். அகலம் 17 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஆனால் எல்லாமே 12 பங்கு சுருங்கும் என்று நினைத்தால் படகு படகாக ஓடாது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விகிதத்தில் சுருங்குகிறது, சில சுருங்கவே மறுக்கின்றன. கட்டும் வேலை முழுக்க இதைச் சமாளிப்பதுதான்.

முதலில் எடையைப் பார்ப்போம். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 12 பங்கு குறைவதால் கொள்ளளவு 12×12×12, அதாவது 1728 பங்கு குறைகிறது. தண்ணீரின் அடர்த்தி மாறவில்லை. ஆகவே 18 டன் படகின் மாதிரி 10.4 கிலோ இருந்தால்தான் சரியான நீர்மட்டத்தில் அமரும். பொம்மைக்கு 10 கிலோவா என்று தோன்றும். அந்தப் பாரம் இல்லாவிட்டால் அடிப்பாகம் வெளியே தெரிய, காற்று தள்ளிய பக்கமெல்லாம் போகும் பெட்டி ஒன்றுதான் மிஞ்சும்.

நிஜப் படகின் அடித்தகடு வழக்கமாக 10 மில்லிமீட்டர் எஃகு, பக்கங்கள் 6 மில்லிமீட்டர். இதை அப்படியே சுருக்கினால் பக்கத் தகடு அரை மில்லிமீட்டர்தான் வரும். அந்த வீம்பு வேண்டாம். நல்ல பிளைவுட்டில் உடலைச் செய்து, உள்ளும் புறமும் எபாக்ஸி என்ற பிசினைப் பூசினால் போதும். அப்போது உடலும் மேல்கூடும் சேர்ந்து மூன்று நான்கு கிலோவுக்குள் அடங்கிவிடும். மீதி எடையை நாம்தான் சேர்க்க வேண்டும், அதுவும் தரையோடு தரையாக. மேல்கூட்டை எவ்வளவு இலேசாகச் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. எடை மேலே ஏறினால் திரும்பும்போதெல்லாம் படகு சாயும்.

என்னைக் கேட்டால், இந்தப் படகுக்குப் பழைய லெட்-ஆசிட் பேட்டரியை விடப் பொருத்தமானது இல்லை. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். விமானம் செய்பவருக்கு அது தொல்லை, நமக்கோ அது அடிப்பாரம். இலேசான லித்தியம் பேட்டரி வாங்கிவிட்டு, குறைந்த எடைக்காகத் தனியே ஈயக் கட்டிகளைத் தேடுவதில் பொருளே இல்லை. பூச்சு வேலை தொடங்கும் முன்பே உடலைத் தண்ணீரில் இட்டு, எடைகளை நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று அமிழ்ந்திருக்க வேண்டும், நிஜப் படகும் அப்படித்தான் மிதக்கிறது. அப்போதுதான் புரொப்பெல்லர் நன்றாக மூழ்கியிருக்கும்.

பின்பக்கத்தின் வடிவத்துக்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். மேலிருந்து பார்த்தால் படகு நீளப் பெட்டி போலத் தெரிந்தாலும், நீர்மட்டத்துக்குக் கீழே பின்பகுதி மெல்ல ஒடுங்கி ஆப்பு வடிவம் பெறுகிறது. படகுக்காரர்கள் இதை 'ஸ்விம்' என்பார்கள். பக்கங்களை ஒட்டி வரும் தண்ணீர் அந்தச் சரிவில் வளைந்து வந்து புரொப்பெல்லருக்குள் நுழைய வேண்டும். ஸ்விம் குட்டையாக இருந்தால் தண்ணீர் வளைய முடியாமல் சுழித்துப் பிரியும். புரொப்பெல்லர் கலங்கிய நீரில் வீணாகச் சுற்றும், படகின் இழுவையும் கூடும். இந்தச் சரிவைக் கண்ணால் அளக்காமல், நிஜப் படகின் வரைபடத்திலிருந்து எடுப்பதே மேல்.

வேகத்தின் கணக்கு வேறு. 1872-ல் டார்க்கி நகரில் சோதனைத் தொட்டி கட்டி, சிறிய மாதிரிகளை இழுத்துப் பெரிய கப்பல்களின் இழுவையைக் கணித்தவர் வில்லியம் ஃப்ரூட். அலைகள் பொருந்த வேண்டுமானால் வேகம் நீளத்தின் வர்க்கமூல விகிதத்தில் குறைய வேண்டும் என்பது அவர் விதி. 12-ன் வர்க்கமூலம் 3.46. பிரிட்டிஷ் கால்வாய்களில் பொதுவான வேக எல்லை மணிக்கு 4 மைல். மாதிரிக்கு அது நொடிக்கு 52 சென்டிமீட்டர். மணிக்கு 3 மைல் என்றால் 39 சென்டிமீட்டர். அந்த வேகத்தில் நிஜப் படகின் பின்னால் வரும் அலைகள் சுமார் 1.15 மீட்டர் இடைவெளியில் இருக்கும், மாதிரியின் அலைகள் 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக. இரண்டும் ஒரே படமாகத் தெரிவது இதனால்தான்.

இதில் ஓர் எல்லை உண்டு. நீரின் மேற்பரப்பைத் தோல்போல இழுத்துப் பிடிக்கும் பரப்பு இழுவிசை நம் விருப்பத்துக்குச் சுருங்குவதில்லை. தண்ணீரின் மேல் அலைகள் நொடிக்கு 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் பரவாது. அதற்கும் மெதுவாகப் போகும் மாதிரி அலையே எழுப்பாமல் வழுக்கிச் செல்லும்.

திறன் இன்னும் வேகமாகச் சுருங்குகிறது. எடை 1728 பங்கு, வேகம் 3.46 பங்கு, இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 6000 பங்கு. நிஜத்தில் 5 கிலோவாட் தேவைப்படும் இடத்தில் மாதிரிக்கு ஒரு வாட்கூட வேண்டாம். உராய்வையும் மோட்டாரின் இழப்பையும் சேர்த்தாலும் சில வாட்டில் வேலை முடிந்துவிடும். வேகப் படகுக்கான மோட்டாரைக் கடையில் பார்த்து மயங்க வேண்டாம். நமக்கு வேண்டியது நிதானமாகச் சுற்றும், முறுக்குவிசை நிறைந்த பிரஷ் மோட்டார், இல்லாவிட்டால் கியர் வைத்தது. அதோடு 35 முதல் 40 மில்லிமீட்டர் புரொப்பெல்லர். தண்டு செல்லும் குழாயில் கிரீஸ் நிரப்பினால் தண்ணீர் உள்ளே வராது.

சரி, ரேடியோவுக்கு வருவோம். இன்றைய ரிமோட்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. படகில் உள்ள ரிசீவர், சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோ ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு ஏறக்குறைய 50 தடவை ஒரு துடிப்பு அனுப்பும். துடிப்பு 1.5 மில்லிநொடி நீண்டால் சுக்கான் நடுவில் நிற்கும். 1 மில்லிநொடி ஒரு கோடி, 2 மில்லிநொடி மறு கோடி. ஸ்பீட் கன்ட்ரோலரும் இதே துடிப்பைப் படித்து, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு தடவைக்கு மேல் வெட்டி வெட்டிக் கொடுத்து வேகத்தை மாற்றுகிறது. இந்த அலைகளைத் தண்ணீர் சில சென்டிமீட்டருக்குள்ளேயே விழுங்கிவிடும். அதனால் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலே, கூரைக்கு அடியில் இருக்கட்டும். பிரஷ் மோட்டாரின் தீப்பொறி ரிசீவரைக் குழப்பாமலிருக்க, முனைகளில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்களைப் பற்றவைப்பது நல்ல பழக்கம்.

ஓட்டும்போதுதான் இந்தப் படகின் குணம் தெரியும். சுக்கானுக்கு வேலை கொடுப்பது பெரும்பாலும் புரொப்பெல்லர் பின்னால் தள்ளும் நீர்தான். மோட்டாரை நிறுத்தினால் திருப்பும் சக்தி பெருமளவு போய்விடும். பின்னோக்கி ஓட்டும்போது அந்த நீர்த்தாரை சுக்கானைத் தொடுவதே இல்லை, படகு தன் போக்கில் போகும். திரும்பும்போது நடுவுக்குச் சற்று முன்னால் உள்ள புள்ளியை மையமாக வைத்து, பின்பக்கம் வெளியே வீசும். மாதிரியின் சிறிய சுக்கானில் நீரோட்டம் நிஜத்தைப் போல ஒட்டிப் பாய்வதில்லை. ஆகவே அதைக் கணக்குக்குமேல் கொஞ்சம் பெரிதாகவே வெட்டுகிறார்கள். அளவு சுத்தம் பார்ப்பவர்கள் முகம் சுளித்தாலும், அது நியாயமான சமரசம்.

காற்றும் சுருங்காது. மணிக்கு 10 கிலோமீட்டர் இளங்காற்று மாதிரிக்கு 35 கிலோமீட்டர் காற்றாகப் படுகிறது. தட்டையான நீளப் பக்கங்கள் பாயாக மாறி, படகைக் கரைக்குத் தள்ளும். முதல் ஓட்டத்துக்கு இலை அசையாத காலை நேரம் நல்லது.

குளத்தில் ஓட்டுவதோடு நிறுத்தாமல், சின்னக் கால்வாயே அமைத்துப் பார்ப்பது இன்னும் சுவையானது. 75 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஆழம் இருக்கும் நீளமான தொட்டி போதும். படகு விலக்கும் நீர் பக்கவாட்டிலும் அடியிலும் இருக்கும் குறுகிய இடைவெளியில் பின்னோக்கிப் பாய வேண்டியிருக்கிறது. அது வேகமெடுக்க அழுத்தம் குறையும், சுற்றிலும் நீர்மட்டம் தாழும், படகின் பின்பக்கம் அமிழும். மோட்டாரை முறுக்க முறுக்கக் கரையில் அலை மோதுமே தவிர வேகம் ஏறாது. கால்வாயில் வேகம் குறைத்தால் சுகமாகப் போகலாம் என்று படகுக்காரர்கள் சொல்வதன் காரணத்தை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

1834-ல் ஸ்காட்லாந்தின் யூனியன் கால்வாயில் குதிரைகள் இழுத்த படகு சட்டென்று நின்றது. அதன் முன் குவிந்திருந்த நீர் ஒற்றை மேடாக எழுந்து, உருக்குலையாமல் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரையில் ஏறி அதை ஒன்றிரண்டு மைல் பின்தொடர்ந்தார். மணிக்கு எட்டு ஒன்பது மைல் வேகத்தில் அது உருண்டது என்று எழுதி வைத்தார். இன்று அதைத் தனித்த அலை என்கிறார்கள். 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அப்படிப்பட்ட அலை நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் ஓடும். நம் மோட்டார் அந்த வேகத்தை எட்டாது. படகில் கயிற்றைக் கட்டி, குதிரைகள் செய்ததுபோல ஒரே சீராக இழுத்து, சட்டென்று நிறுத்திப் பாருங்கள்.