கொழுப்பு கரையட்டும், தசை நிற்கட்டும்

சோறு, இட்லி, சப்பாத்தி மூன்றையும் விட்டாயிற்று. காலையில் நெய்யில் பொரித்த முட்டை, மதியம் கறி, இரவு பனீர். மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ டயட்டைத் தொடங்கியவர்களைக் கேட்டால் அன்றைக்கு உண்ட மாவுச்சத்தைக் கிராம் சுத்தமாகச் சொல்வார்கள். புரதம் எவ்வளவு என்று கேட்டால் மட்டும், "கறிதானே சாப்பிடுகிறேன், நிறையவே இருக்கும்" என்பார்கள். எனக்குக் கவலை தருவது இந்தப் பதில்தான். புரதக் கணக்கு தவறினாலும் எடை மெஷினில் எண் இறங்கத்தான் செய்யும். இறங்கியது கொழுப்பா தசையா என்பதை அது சொல்லாது.

மூளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கல்லீரல் சேமித்து வைக்கும் குளுக்கோஸான கிளைக்கோஜனோ ஏறக்குறைய 100 கிராம்தான். மாவுச்சத்தை நிறுத்தினால் ஓரிரு நாளில் அது காலி. அதன்பின் கல்லீரல் தானே குளுக்கோஸைத் தயாரித்தாக வேண்டும். கொழுப்பு உடையும்போது கிடைக்கும் கிளிசரால் அதற்குக் கொஞ்சம் உதவும். கொழுப்பு அமிலங்கள் உதவாது. மீதிக்கு உடல் கைவைக்கும் இடம் அமினோ அமிலங்கள், அதாவது புரதம். அது தட்டில் போதவில்லையென்றால் தொடையும் தோளும் கொடுக்கும்.

பாஸ்டனில் ஜார்ஜ் கேஹிலும் சக ஆய்வாளர்களும் 1960-களில் இதை அளந்து பார்த்தார்கள். புரதம் உடைந்தால் அதிலுள்ள நைட்ரஜன் சிறுநீரில் போகும். முழுப் பட்டினியின் முதல் நாட்களில் சிறுநீர் வழியாக நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம் நைட்ரஜன் வெளியேறுகிறது. ஒரு கிராம் நைட்ரஜன் என்பது 6.25 கிராம் புரதத்துக்குச் சமம். 12 கிராம் என்றால் 75 கிராம் புரதம். தசையில் ஐந்தில் ஒரு பங்குதான் புரதம். மீதி பெரும்பாலும் நீர். அந்தப் புரதம் முழுவதும் தசையிலிருந்து வந்ததென்று வைத்துக்கொண்டால், ஒரே நாளில் போனது 375 கிராம் தசை. கறிக்கடைத் தராசில் அவ்வளவு கறியை வைத்துப் பார்த்தால் இழப்பின் அளவு புரியும். வாரங்கள் செல்லச் செல்ல கல்லீரல் கொழுப்பிலிருந்து உண்டாக்கும் கீட்டோன்களை மூளை எரிக்கப் பழகிவிடுகிறது. நைட்ரஜன் இழப்பும் மூன்று நான்கு கிராமாக இறங்கிவிடுகிறது. டயட் என்பது பட்டினி இல்லை. இழப்பு இந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் முதல் சில வாரங்களில் புரதத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

அப்படியானால் எவ்வளவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020-இல் பரிந்துரைத்தது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அது எடை நிலையாக இருக்கும் ஆரோக்கியமானவர்களுக்கான அளவு. கலோரியைக் குறைத்துக் கொழுப்பைக் கரைப்பவருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை தேவை. எடை தூக்கிப் பயிற்சி செய்பவர் 2 கிராமைத் தாண்டியும் போகலாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், கலோரியை 40 சதவீதம் குறைத்துக் கடும் பயிற்சியும் செய்த இளைஞர்களில் கிலோவுக்கு 2.4 கிராம் உண்டவர்கள் நான்கு வாரத்தில் 4.8 கிலோ கொழுப்பை இழந்தார்கள். தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ கூடியது. 1.2 கிராம் உண்டவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது. தசை அப்படியே நின்றது.

கணக்கை இன்றைய எடைக்குப் போடாமல் அடைய விரும்பும் எடைக்குப் போடுவதே சரி. சேர்ந்துகிடக்கும் கொழுப்புக்குப் புரதம் அதிகம் தேவைப்படுவதில்லை. 80 கிலோ இருப்பவர் 62 கிலோவை இலக்காக வைத்தால், 1.5 கிராம் வீதம் 93 கிராம். இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்: 100 கிராம் கோழிக்கறி என்றால் 100 கிராம் புரதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எலும்பில்லாத பச்சைக் கறி 200 கிராமில் இருப்பது சுமார் 44 கிராம். மூன்று முட்டையில் 18, பனீர் 100 கிராமில் 18, ஒரு கிண்ணம் தயிரில் 7, ஒரு கைப்பிடி பாதாமில் 6. கூட்டினால் 93. கறி இல்லாத நாளில் இந்தத் தட்டில் பாதிதான் மிஞ்சும்.

சைவர்களுக்கு இது இன்னும் கடினம். 100 கிராம் துவரம்பருப்பில் 22 கிராம் புரதம் உண்டு. கூடவே 60 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்தும் வரும். பருப்பை நம்பி இந்த டயட்டை நடத்த முடியாது. பனீர், தயிர், டோஃபு, சோயா, முட்டை உண்பவர்களுக்கு முட்டை, தேவைப்பட்டால் பாலிலிருந்து எடுக்கும் வே புரதப் பொடி என்று திட்டமிட்டாக வேண்டும்.

"புரதம் கூடினால் அதுவும் சர்க்கரையாகிக் கீட்டோசிஸ் கெட்டுவிடும்" என்ற அச்சமும் பரவலாக இருக்கிறது. சர்க்கரைக்குப் பதில் கீட்டோன்களை உடல் எரிக்கும் நிலைதான் கீட்டோசிஸ். அந்த நிலையை உண்டாக்கும், கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவு 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்காக உருவானது. வலிப்பை அடக்க ஆழமான கீட்டோசிஸ் வேண்டும். ஆகவே அங்கே புரதத்தை அளந்து கட்டுப்படுத்தினார்கள். எடை குறைக்க வந்தவருக்கு அந்தக் கெடுபிடி தேவையில்லை. கல்லீரல் குளுக்கோஸைத் தயாரிப்பது பெரும்பாலும் தேவையைப் பொறுத்தது. புரதத்தைக் கொட்டியதும் சர்க்கரை பொங்கி வராது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

மறுபக்கமும் ஓர் எல்லை உண்டு. ஆர்க்டிக் ஆய்வாளர் ஸ்டெஃபான்சன் 1928-இல் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில், மருத்துவர்களின் கண்காணிப்பில், ஓராண்டு இறைச்சி உணவைத் தொடங்கினார். முதலில் அவருக்குக் கொடுத்தது கொழுப்பில்லாத இறைச்சி மட்டும். சில நாட்களிலேயே குமட்டலும் வயிற்றுப்போக்கும் வந்தன. கொழுப்பைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. நைட்ரஜனை யூரியாவாக மாற்றக் கல்லீரலுக்கு ஒரு வேக வரம்பு இருக்கிறது. கலோரியில் பெரும்பகுதியைப் புரதமே சுமந்தால் அந்த வரம்பு மீறப்படும். அந்த ஆண்டில் அவர் உண்ட புரதம் நாளுக்குச் சுமார் 100 முதல் 140 கிராம், மீதி கொழுப்பு.

ஸ்டெஃபான்சனுக்கு அந்தக் கொழுப்பு தட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. எடை குறைக்க வந்தவருக்கு அதில் ஒரு பங்கு இடுப்பிலேயே இருக்கிறது. ஆகவே எடை இறங்காமல் நின்றுவிட்டால் முட்டையையும் மீனையும் குறைக்க வேண்டாம். வாணலியில் ஊற்றும் நெய்யை ஒரு கரண்டி குறைக்க வேண்டும்.